தொட்டிப் பூண்டும் வானத்துச் சேதியும்

என் பிரியமான மதினி,

வட்டவடையில் இன்றைக்கு நல்ல வெயில். அண்ணன் உங்கள் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறார். யாரும் போடாத ஸ்வெட்டர்தான். இருந்தாலும் வெயிலைக் கண்டால் அதுதான் வீட்டிலிருந்து முதலில் வெளியே வருகிறது. காரட் விலையைப் பற்றி எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். இந்தக் கடிதம் உங்கள் மகளைப் பற்றியது.

இளவரசி வடக்கே ஒரு ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் விண்ணப்பம் போட்டபோது நீங்கள் இருந்தீர்கள். வேலை கிடைத்த சேதி வந்தபோது இல்லை. வானத்திலிருந்து வருகிற இரைச்சலைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சலித்து, அதில் யாராவது பேசுகிறார்களா என்று பார்க்கிற வேலையாம். போன் பண்ணும்போதெல்லாம், "யாராச்சும் பேசுனாகளாடி?" என்று கேட்பேன். "இல்லத்தே, எல்லாம் நம்மாளுக மொபைல் டவர் சத்தந்தான்" என்று சிரிப்பாள்.

சில மாதங்களுக்கு முன்னால் கூப்பிட்டபோது அவள் சிரிக்கவில்லை. அங்கே ஒரு கூட்டம் போடுகிறார்களாம். வேற்றுலகத்திலிருந்து உண்மையிலேயே ஒரு சேதி வந்தால் அதைத் திறந்து படிக்கலாமா, கூடாதா என்று பேச வேண்டும். சின்னவர்கள் சார்பில் இவளைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

"படிக்கிறதுல என்னடி இருக்கு? பிடிக்கலேன்னா மூடி வச்சிடப் போறோம்" என்றேன். "அது வெறும் எழுத்தா இருந்தாத்தான அத்தே மூடி வைக்கலாம்" என்றாள். அது கம்ப்யூட்டரில் ஓடவிட்டால்தான் என்னவென்று தெரிகிற கட்டளையாக இருக்கலாமாம். இப்படி ஒரு மிசின் செய், உன் சனத்துக்கு நோயே வராது என்று சொல்கிற செய்முறையாகவும் இருக்கலாமாம். செய்து பார்க்காமல் அது நல்லதா கெட்டதா என்று தெரியாது. செய்த பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்? அனுப்பியவரைப் போய்ச் சட்டையைப் பிடிக்கவும் முடியாது. அவர் செத்தே எத்தனையோ காலம் ஆகியிருக்கும்.

பிறகுதான் அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். "அம்மா இருந்தா என்ன சொல்லிருப்பாங்க அத்தே?"

நான் என்ன செய்வேன், மதினி? பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தியது நீங்கள். நான் பூண்டு நடுகிறவள். நீங்கள் சொல்லாத ஒன்றை நீங்கள் சொன்னதாகச் சொல்லி, அதை நம்பி அந்தப் பிள்ளை சபையில் போய் நின்றால்? அதனால் நான் பதில் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் செய்த ஒன்றைச் சொன்னேன். அப்போது அவள் ஹாஸ்டலில் இருந்ததால் அரைகுறையாகத்தான் தெரியும்.

மண்டிக்குப் போய்வந்த ஜீப்காரர் ஒருவர் ஒரு பை நிறையப் புதுப் பூண்டு கொண்டுவந்தாரே, அந்தக் கதை. எங்கே விளைந்தது என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொன்றும் ஒரு கை கொள்ளாத பருமன். நம் மலைப்பூண்டு அதன் பக்கத்தில் நோஞ்சான் பிள்ளை மாதிரி இருந்தது. அண்ணன் அன்றைக்கே மேல்தட்டு வயலில் நட வேண்டும் என்று குதித்தார். நீங்கள்தான், "கண்டது காணாதத மண்ணுல வச்சிட்டுப் பெறகு எங்க போயி எடுப்பீக?" என்று தடுத்தீர்கள். ஆனால் வீசியும் எறியவில்லை. பின்பக்கத்து விரிசல் விட்ட சிமெண்டுத் தொட்டியில் மண் நிரப்பி, அதில் நட்டீர்கள். அதற்குத் தனிக் களைக்கொத்து, தனிச் செருப்பு. வடிகிற தண்ணீரைக்கூட வாளி வைத்துப் பிடித்தீர்கள். டீச்சருக்குக் கிறுக்கு என்று தெருவே பேசியது. நானும்தான் பேசினேன்.

முதல் விளைச்சல் அழகாக வந்தது. இன்னொரு போகமும் தொட்டியிலேயே பார்க்க வேண்டும் என்று சொல்லி, விதைப்பூண்டைக் கட்டி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டீர்கள். அதுதான் வினையாகிப் போனது. அடுப்படிக்கு வந்த எல்லாருக்கும் அது கண்ணில் பட்டது. நீங்கள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அண்ணனிடம் வந்து கேட்டார்கள். "ஒரு பிடிதானண்ணே." நம் ஊரில் விதை என்று வந்து நிற்பவருக்கு இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாவிட்டாலும் விதை கேட்டால் கொடுத்தாக வேண்டும். அண்ணனும் கொடுத்தார். பெருமையாகத்தான் கொடுத்தார், பாவம்.

அடுத்த போகத்தில் தொட்டியில் தாள் மஞ்சளடித்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரடியில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணம், அதற்குள் கசகசா மாதிரிக் கறுப்புப் பொட்டு. அதற்கு முன்பே, வாங்கிப் போனவர்கள் கீழ்த்தட்டு வயல் முழுக்க அந்த விதையை நட்டிருந்தார்கள். விவசாய ஆபீசான கிருஷிபவனிலிருந்து வந்து பார்த்தவர், மண்ணுக்குள் இறங்கிவிட்டால் அது லேசில் போகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தட்டில் இன்றுவரை யாரும் பூண்டு நடவில்லை. முட்டைக்கோஸ்தான் போடுகிறார்கள்.

அன்றைக்கு நீங்கள் அண்ணனை ஒரு வார்த்தை திட்டவில்லை. தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, "நான் தொட்டியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் பேச்சி. வீட்டுக்கு வர்ற மனுசர நெனைக்கவே இல்ல" என்றீர்கள். பிறகு ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசினீர்கள். வெளி விதையைக் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் சட்டம் போடச் சொல்லவில்லை. வாசலில் வந்து நிற்பவரிடம் இல்லை என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது, அதனால் கேட்கவே கூடாது என்று முடிவு செய்யுங்கள் என்றீர்கள். புது விதை ஒருவர் வீட்டில் சோதனையில் இருக்கிறவரை யாரும் அதைக் கேட்பதில்லை. இன்றைக்கும் ஊரில் அதுதான் வழக்கம்.

எல்லாவற்றையும் இளவரசி கேட்டு முடித்தாள். "நமக்கு ஊர்க்கூட்டம் இருந்துச்சு. உலகத்துக்கு ஏது அத்தே ஊர்க்கூட்டம்?" என்றாள். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா, மதினி?

அவள் கூட்டத்தில் இதைத்தான் பேசினாளாம். காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம், கேட்போம்; ஆனால் சேதி வருவதற்கு முன்னாலேயே எல்லா நாடும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும்; வந்த பிறகு எந்தக் கட்டுப்பாடும் நிற்காது என்று சொன்னாளாம். எல்லாரும் கைதட்டினார்களாம். எனக்கு இங்கே தலைகால் புரியவில்லை. பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன்.

உங்கள் திதிக்கு வந்திருந்தாள். உங்கள் படத்துக்குப் பூப் போட்டாள், அண்ணனுக்கு நகம் வெட்டிவிட்டாள். கிளம்புகிற அன்று காலையில் ஜீப் வந்து ஹாரன் அடிக்கிறது, இவளைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நிற்கிறாள். நோய் வந்ததிலிருந்து தொட்டியை மூடியிருக்கிற தகரத்தை நகர்த்தப் பார்க்கிறாள்.

"அம்மா கை பட்ட மண்ணு அத்தே. ரூம்ல ஒரு பூச்செடி வச்சுக்கிறேன். ஒரு பிடிதான."

மதினி, தாயில்லாத பிள்ளை. பிறந்ததிலிருந்து அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. அந்த மண்ணுக்குள் இன்னும் என்ன உயிரோடு இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. தகரத்தின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "இல்ல தாயி, தர மாட்டேன்" என்றேன்.

முகம் சுண்டிப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அங்க அம்புட்டுப் பேசிட்டு வந்து நானே கேட்டுட்டேனே அத்தே" என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் உட்கார்ந்து அழுதேன். ஜீப்காரர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

போகும்போது சொன்னாள்: "அங்க அந்தச் சேதி வந்தாலும் கெட்டவங்க வந்து கேக்க மாட்டாங்க அத்தே. என்னய மாதிரித்தான் யாராச்சும் கேப்பாங்க." டப்பாவைக் கழுவி, அதில் கொஞ்சம் நெல்லிக்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

தொட்டி மூடியே இருக்கும், மதினி. தகரத்துக்கு மேலே கல்லும் தூக்கி வைத்துவிட்டேன். என் உயிர் உள்ளவரை அதிலிருந்து ஒரு பிடி மண் வெளியே போகாது. அண்ணன் கேட்டாலும் இல்லை. நீங்களே கனவில் வந்து கேட்டாலும், அழுதுகொண்டே இல்லை என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் தொட்டிக்குக் காவல் இருக்கும் நாத்தனார்
பேச்சியம்மாள்