ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு

ஜூலை 8, செவ்வாய்

பூனாவில் காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இரண்டையும் திறந்தால் வரி இரண்டாகி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட நாளிலிருந்து இப்படித்தான். ஸ்கேன் நார்மல். பெரிய கண் ஆஸ்பத்திரியில் போர்டை ஒவ்வொரு கண்ணாகக் கடைசி வரி வரை படித்தேன். சிக்ஸ் பை சிக்ஸ், முழுப் பார்வை. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பட்டப்பெயர்.

"சிக்ஸ் பை சிக்ஸுக்கு இன்னைக்கும் தலவலியா?" என்று கேட்டுக்கொண்டேதான் இவர் ஷிஃப்டுக்குக் கிளம்புவார். என் ஸ்கூட்டர் சாவி அவர் பேன்ட் பையில். ஃபேக்டரி கேட் பாஸோடு அதுவும் தினம் டூட்டிக்குப் போய் வருகிறது. நான் நாலாவது மாடியில்.

இன்று நிக்டி சௌக் பக்கம் புது கண் கிளினிக். மாதவி மேடம், மராத்திக்காரர். கண் இரண்டும் தனித்தனியே நன்றாகத்தான் பார்க்கிறதாம். கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டும் சேர்ந்து திரும்பவில்லையாம். பயிற்சியில் சரியாகும் என்றார். நான் நடிக்கவில்லை என்று ஒருத்தர் சொல்லிவிட்டார். அங்கேயே அழுதுவிட்டேன்.

ஒரு கயிறு, அதில் கோத்த மூன்று பாசிமணி. சிவப்பு, மஞ்சள், பச்சை. ஒரு முனையை ஜன்னலில் கட்டி மறுமுனையை மூக்கு நுனியில் பிடிக்க வேண்டும். மணி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மணி ஒன்றாகத் தெரிய வேண்டும். கயிற்றைப் பற்றி மேடம் ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் இவர் "ஆமா ஆமா" என்று எழுந்துவிட்டார். பைக்கை நோ பார்க்கிங்கில் விட்டிருந்தார், டோயிங் வண்டி பயம்.

ஜூலை 9, புதன்

வாங்க: கொத்தமல்லி, சோப்பு, இஞ்சி. கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஒவ்வொரு மணியும் இரண்டு, கயிறும் இரண்டு. எல்லாமே இரண்டு. மூக்கு அரிக்கிறது. எதிர் பில்டிங் காகு, மராத்தி மாமி, துணி காயப்போடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பியில் கட்டின கயிறு, மறுமுனையில் நான். கட்டிப்போட்ட ஆட்டுக்காவது சுற்றி மேய இடம் இருக்கும்.

கசார்வாடி ஆபீஸிலிருந்து முதலாளி சாகேப் ஃபோன். இங்கே அக்காவுக்குத் தாய் என்பார்கள். "சுதா தாய், ஒண்ணாந்தேதி வந்துடுங்க. அதுக்கு மேல சீட்டை வெச்சிருக்க முடியாது." ஒர்க்‌ஷாப்புகளுக்கு மெஷின் பாகங்கள் வரைந்து தருகிற சின்ன ஆபீஸ். கம்ப்யூட்டரில் கோடு போடுவதுதான் என் பிழைப்பு. ஒரு கோடு எனக்கு இரண்டாகத் தெரிந்தால் பட்டறைக்காரன் எந்தக் கோட்டில் ஓட்டை போடுவான்?

ஜூலை 13, ஞாயிறு

ஒன்று! ஒன்றே ஒன்று!

தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டாவது மணி போயிற்று. கூடவே இரண்டாவது கயிறும் போயிற்று. என் வியாதியே இரண்டாகத் தெரிவதுதானே. கத்தினேன். இவர் ஓடிவந்தார்.

"எத்தன தெரியுது?"

"ஒண்ணுதாங்க."

சாவியைப் பையிலிருந்து எடுத்து வாசல் ஆணியில் அவரே மாட்டினார். பேடா வாங்கி வந்து வாட்ச்மேனுக்கும் காகுவுக்கும் கொடுத்தார். சாகேபுக்கும் ஃபோன். "சுதா ஏக்தம் ஃபிட்." முழுக்கக் குணமாம். பாளையங்கோட்டையில் மாமியார் வேண்டுதல் கூட முடித்துவிட்டார்களாம். இந்த வேகம் நான் விழுந்த அன்று யாருக்கும் இல்லை. போகட்டும். இன்று சந்தோஷம்.

ஜூலை 15, செவ்வாய்

கிளினிக். இவருக்கு டூட்டி, தனியாக ஆட்டோவில் போனேன். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சொன்னேன்: ஒரே கயிறு.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "ஏக் ஹீ ரஸ்ஸி?"

கயிற்றைப் பிடிக்கச் சொல்லி என் வலது கண்ணை மறைத்தார். ஒரு மாற்றமும் இல்லை. இடது கண்ணை மறைத்தார். கயிறு சட்டென்று இடம் மாறிக் குதித்தது.

இரண்டு கண்ணும் வேலை செய்தால் மணிதான் ஒன்று என்றார். கயிறு இரண்டாகத் தெரிய வேண்டும், மணியில் வந்து குறுக்கே வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டுதான் சரி. தொந்தரவு தாங்காமல் என் மூளை வலது கண்ணை ஒதுக்கிவிட்டது. தூரம், கிட்டம் கணக்குத் தப்பும். ஸ்கூட்டர் "அபீ நஹீ", இப்போது கூடாது. இரண்டு கயிறு வந்து நிலையாக நின்றதும், காலனிக்குள் ஓட்டிப் பார்க்கலாமாம்.

இதைப் போய் வீட்டில் எப்படிச் சொல்வது? பேடா தின்றவர்களிடம் திருப்பிக் கேட்க முடியுமா?

ஜூலை 16, புதன்

சொல்லவில்லை.

சொன்னால் சாவி அவர் பேன்ட் பைக்குப் போகும், சீட் வேறு ஆளுக்குப் போகும். சொல்லாவிட்டால் ஆபீஸ் போகிற பழைய ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே அரைப் பார்வையோடு நான். இரண்டு பக்கமும் இடி. மத்தளம் இதைவிடத் தேவலை.

சாயங்காலம் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். பார்த்துவிட்டார். "என்னட்டி, தூக்கமா?"

"கை வழுக்கிட்டு."

"நாளைக்கு வண்டிய எடுத்துப் பாரு. சும்மா நின்னா பேட்டரி போயிரும்லா."

மழை விடட்டும் என்றேன். பூனாவில் ஜூலையில் மழை விடாது. அந்த ஒரு தைரியம்.

ஜூலை 20, ஞாயிறு

அவர் மண்டிக்குப் போன நேரம் பயிற்சி. திருட்டுத்தனமாக. கெட்டுப்போவதற்கு ஒளியலாம், குணமாவதற்கு ஒளிகிற ஒரே ஆள் நான்தான்.

தலை நேராக. பல்லைக் கடிக்கக் கூடாது. கண்ணைச் சிமிட்டி, மெதுவாக. இரண்டாவது கயிறு நிழல் மாதிரி வந்தது, போயிற்று. மறுபடி வந்தது. மண்டை இடி. கீழ்வீட்டில் யாரோ மிக்சி ஓட்டுகிறார்கள், அது என் தலைக்குள் ஓடுகிறது.

பால் திரிந்துவிட்டது.

ஜூலை 24, வியாழன்

மழை இல்லை. வெயில்கூட. இவருக்கு ஆஃப், ஷேவிங்கில் இருந்தார். ஆசை தாங்கவில்லை, அவர் வீட்டில் இருக்கும்போதே ஜன்னலில் கட்டினேன்.

மஞ்சள் மணி ஒன்று. அதிலிருந்து அந்தப் பக்கம் ஒரு கயிறு, இந்தப் பக்கம் ஒரு கயிறு. நடுவில் மணி. சிமிட்டினேன், போகவில்லை. சிவப்பைப் பார்த்தேன், இரண்டும் அங்கே வந்து வெட்டிக்கொண்டன. பச்சை, அங்கேயும். நிமிர்ந்தேன். ஜன்னல் கம்பி கிட்டத்தில் இருந்தது. காகுவின் துணிக்கொடி தூரத்தில் இருந்தது. எத்தனை மாதமாயிற்று, கிட்டம் கிட்டமாகவும் தூரம் தூரமாகவும் தெரிந்து!

என்னை மறந்து கத்திவிட்டேன். "ரெண்டு! ஏங்க, ரெண்டு தெரியுது!" கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

முகமெல்லாம் நுரையோடு வந்தார். கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தார்.

"சரி, அழாத. திரும்ப வந்துட்டுன்னா என்ன செய்ய முடியும்? சாகேப்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

"இல்லீங்க, ரெண்டுதான் சரி. மேடம் சொன்னாங்க. முன்ன ஒண்ணுன்னு சொன்னேம்லா, அதுதான் தப்பு."

ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். லுங்கியில் பை இல்லை, மடிப்பில் செருகிக்கொண்டார்.

"ஆமா ஆமா" என்றார்.