மருதஞ்சேனைக்கு அடிக்காத கோல்

என் அருமை மச்சான் நல்லதம்பிக்கு,

நேற்று உன் ஆண்டுத் திவசம். உன் மனைவி, என் தங்கச்சி கனகம், வாவி இறாலை உனக்குப் பிடித்த மாதிரி உறைப்பாகச் சமைத்துப் படைத்தாள். நீ இருந்தால் சட்டியையே வழித்திருப்பாய். நேற்று அது ஆறிக் கிடந்தது. பிறகு பிள்ளைகள் தின்றார்கள்.

செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறான் பார் என்று சிரிப்பாய். சிரி. இருந்த காலத்தில் நான் எது கதைத்தாலும் நீ காதில் வாங்கியதில்லை, கண் பந்து போகும் பக்கம்தான் இருக்கும். இப்போதாவது குறுக்கே பேசாமல் கேள். வாவியின் இரண்டு கரையாரும் வாசிக்கட்டும் என்று இதைப் பத்திரிகைக்கே கொடுக்கப்போகிறேன்.

கொழும்பு வரை போய், பந்தடித்துச் சம்பளம் வாங்கியவன் நீ. ஆனால் உனக்கு ஒரு ஆசை மிச்சமிருந்தது. உன் தாயின் ஊரான மருதஞ்சேனைக்காக இன்னும் ஒரு முறை இறங்கி, ஒரு கோல் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாய். அது நடக்காமலே போய்விட்டாய். இந்த ஒரு வருடமாக என் நெஞ்சில் முள்ளாக நிற்பது அதுதான்.

உன்னை நான் முதலில் கண்ட நாள் நினைவிருக்கிறதா? படுவான்கரையில் உன் மருதஞ்சேனை, வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் எங்கள் ஆலங்கரை. வேளாண்மை வெட்டு முடிந்து வயல் காய்ந்ததும் ஆண்டுக்கொரு தரம் இரண்டு ஊரும் உதைபந்தாட்டத்தில் மோதும். நான் எங்கள் ஊர்க் கோல் கீப்பர். தோணியை விட்டு இறங்கி வந்து பார்த்தால், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, மெலிந்த ஒரு பொடியன் வெறுங்காலோடு நடுவில் நிற்கிறான். இவனா சென்ரர் போவாட் என்று எங்கள் ஆட்களிடம் சிரித்தேன். இடது காலால் நீ அடித்த முதல் பந்து என் காதோரம் போன பிறகு நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு போயின.

வீட்டுக்கு வந்து கை கால் கூடக் கழுவவில்லை. நேரே அப்பாவிடம் போனேன்.

“அப்பா, மருதஞ்சேனையில ஒரு பொடியன் இருக்கான். நம்மட கனகத்துக்கு அவனக் கேளுங்க.”

“என்ன வயல் இருக்கு அவனுக்கு?”

“வயல் இல்ல. இடது கால் இருக்கு.”

“உனக்கென்ன பைத்தியமா? பந்தடிக்கிறவனுக்கா புள்ளயக் குடுக்கிற?”

“குடுத்தா நம்மட பக்கம் நிண்டு அடிப்பான். குடுக்காட்டி நமக்கு எதிரா அடிச்சிக்கிட்டே இருப்பான்.”

ஊரே இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, நீயும் சிரித்தாய். எங்கள் பகுதி வழக்கம் அப்படி. வீடும் வளவும் பெண்ணுக்கு. தாலி கட்டிய மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான், அன்றிலிருந்து அவன் அந்த ஊர் ஆள். வேறு இடங்களில் பெண் அழுதுகொண்டு போவாளாம். இங்கே மாப்பிள்ளை அழாமல் போவான், அதுதான் வித்தியாசம்.

ஆனாலும் உன் ஊராரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். தாய்வழிக் குடி பார்த்தார்கள், பொருத்தம் பார்த்தார்கள். தென்னையைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் ஒரு பகல் முழுக்கக் கதைத்தார்கள். பந்தைப் பற்றி ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஒரு ஊரே கூடி, தன் சென்ரர் போவாட்டை வெற்றிலை பாக்கு வைத்து எதிரூருக்கு அனுப்பிவைத்தது. உலகத்தில் வேறு எங்கே இப்படி நடக்கும், சொல்லு.

அடுத்த ஆட்டத்துக்கு முதல் நாள் மருதஞ்சேனைத் தலைவர் வாவி கடந்து எங்கள் வளவுக்கு வந்தார். “நல்லதம்பி, நாளைக்கு வெள்ளெனவே வந்திரு,” என்றார், ஒன்றும் நடக்காதது போல. அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

“ஆரு வாற? மருமகன் இப்ப ஆலங்கரை ஆள்.”

“பொண்ணத்தானே கட்டினான். காலையுமா எழுதிக் குடுத்தவன்?”

“தாயும் புள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேற, தம்பி.”

அந்த மனிதரின் முகம் செத்துப்போனது. என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் மருதஞ்சேனையாருக்கு விளங்கியது. நீ வேலிப்பக்கம் திரும்பி நின்றாய். மறுநாள் எங்களோடு தோணி ஏறினாய்.

அந்த ஆட்டத்தை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் முடியாது. ஆட்டம் தொடங்குமுன் வந்த அணிக்கு இளநீர் கொடுப்பது வழக்கமல்லவா? அந்த வருடம் கொடுத்தவர்களில் உன் அம்மாவும் நின்றார். உன் முன்னால் வந்து, இரண்டு கையாலும் நீட்டி, “குடிங்க தம்பி,” என்றார். பெற்ற நாளிலிருந்து ‘மனே’ என்றும் ‘நீ’ என்றும் அழைத்த வாய் அது. கோபத்தில் சொன்னாரா, வெளியூர் ஆளுக்குக் கொடுக்கும் மரியாதையா, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. உனக்கு விளங்கியதா, மச்சான்? நீ வாங்கினாய், குடித்தாய், வெறும் இளநீர்க் கோம்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாய்.

ஆட்டம் முடியும் நேரத்தில் பந்து உன் இடது காலுக்கு வந்தது. விட்டிருக்கலாம். உன்னால் அது முடியாது என்று எனக்குத் தெரியும். பந்தை ஏமாற்ற உனக்குத் தெரியாது. அடித்தாய். உன் ஊர்க் கம்பங்களுக்கு நடுவே போனது. நீ கையை உயர்த்தவில்லை. கரையில் நின்ற சனம் மூச்சுக் காட்டவில்லை. திரும்பும்போது எங்கள் ஆட்கள் தோணியில் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். நீ பின்தட்டில் இருந்து படுவான்கரையையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

“ஒருக்கா அவங்களுக்கு அடிச்சிக் குடுக்கணும் மச்சான்,” என்றாய். “ஒருக்காப் போதும்.”

“அதுக்கென்ன, பாப்பம்,” என்றேன். பேச்சுக்குச் சொன்னேன். நீ மறக்கவில்லை.

அதற்குப் பிறகு மட்டக்களப்பு நகர அணி உன்னைக் கூப்பிட்டது. அங்கே நீ அடித்ததைப் பார்த்துவிட்டுக் கொழும்பில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. கிடங்கில் பெயருக்கு ஒரு வேலை, உண்மையான வேலை அவர்கள் அணிக்குப் பந்தடிப்பது. நீ ரயில் ஏறிய அன்று இரண்டு ஊர் ஆட்களும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள், மேடையின் ஊருக்கொரு மூலையில்.

கொழும்பில் உன் காலில் சப்பாத்தை மாட்டினார்கள். “மாட்டுக்கு லாடம் அடிச்ச மாதிரி இருக்கு,” என்று லீவில் வந்து காலைத் தூக்கிக் காட்டினாய். முதல் வருடம் சப்பாத்தோடு தடுமாறினாய். பிறகு அதோடும் அடித்தாய். மைதானத்தில் சனம் உன்னை ‘மட்டக்களப்பான், மட்டக்களப்பான்’ என்று கத்துமாம். அதைச் சொல்லும்போது உன் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை உன் கல்யாணத்தில் கூட நான் பார்க்கவில்லை. “அங்க ஒருத்தரும் எந்தக் கரை எண்டு கேக்கிறல்ல மச்சான்,” என்றாய்.

நல்ல காலம் நெடுக நில்லாது. மழை பெய்த ஒரு மாலை, சேற்றில் கால் புதைந்து முழங்கால் திரும்பியது. கம்பெனி கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்த்தது, பிறகு கிடங்கு வேலையை வேறு ஒரு போவாட்டுக்குக் கொடுத்தது. நீ சப்பாத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாய். பரிகாரியார் எண்ணெய் போட்டுக் கட்டினார். நடக்கலாம், ஓடலாம், சட்டென்று திரும்ப முடியாது. எனக்கு ஆத்திரம் வந்தது. உனக்கு வரவில்லை. கனகத்தின் வளவில் மரவள்ளி நட்டாய், மகன் ராசனுக்கு ஓலைப்பந்து பின்னிக் கொடுத்தாய்.

அந்தக் காலோடும் எங்களுக்கு ஆடினாய். ஒவ்வொரு வருடமும் ஆட்டம் நெருங்கும்போது அப்பாவிடம் கேட்பாய், இந்த முறை மட்டும் அந்தப் பக்கம் நிற்கட்டுமா என்று. நானும் உனக்காகக் கதைத்தேன், கனகமும் அழுதாள். “ஊர் என்ன சொல்லும்?” என்பார் அப்பா. ஊரும் அதையேதான் சொன்னது. கடைசியில், நீ துறையடியில் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் அப்பா கண்டுவிட்டார். அன்றைக்குச் சோற்றில் கை வைக்காமல் இருந்தவர், கனகத்திடம், “போகட்டும் புள்ள. ஒரு நாளைக்குத்தானே. நம்மட வீடு இடிஞ்சா போகும்?” என்றார்.

கனகம் உன் வெள்ளைப் பனியனை மஞ்சளில் தோய்த்துக் கொடியில் போட்டாள். மருதஞ்சேனைக்காரருக்கு மஞ்சள் நிறம். அது காயுமட்டும் நீ அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய், சின்னப்பிள்ளை போல. இந்த முறை உன் பந்தை நான் பிடித்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினேன்.

உன் ஊராரோடு சேர்ந்து பழக வேண்டும் என்று முன்னதாகவே போனாய். கரடியனாற்றுப் பக்கத்தில் உன் அம்மா குத்தகைக்கு எடுத்த வயல் வட்டையில் வேளாண்மை வெட்டு நடந்தது. பகலில் வெட்டு, பொழுது சாயும் நேரம் அரிவெட்டிய வயலிலே பந்து. அங்கேதான் மலேரியாக் காய்ச்சல் பிடித்தது. உலக யுத்த காலம், அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்துக்குத் தட்டுப்பாடு. நாங்கள் ஒரு வழியாகத் தேடிக்கொண்டு தோணி ஏறி வந்தபோது நீ ஆளை அடையாளம் காணும் நிலையில் இல்லை. உன் அம்மா உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “மனே, கண்ணத் தொற. நீ அடிக்காட்டிப் பரவாயில்ல மனே, எழும்பி இருந்தாப் போதும்,” என்றார். அது உன் காதில் விழுந்ததா? விழுந்திருக்க வேண்டும் என்று நான் கும்பிடாத கோயில் இல்லை.

அந்த மஞ்சள் பனியனைப் போட்டுத்தான் உன்னைக் கிடத்தினோம். உன் ஊர் மண்ணிலேயே அடக்கினோம். ஆட்டம் அந்த வருடம் நடக்கவில்லை.

இனி இப்போதைய புதினம். யுத்தம் முடிந்துவிட்டது. பட்டாளத்துக்காரர் முகாமைக் கலைத்துப் போகும்போது விட்டுப்போன இரும்புக் குழாய்கள்தான் இப்போது எங்கள் கோல் கம்பங்கள். அவற்றில் பந்து பட்டால் கோயில் மணி போலச் சத்தம் வருகிறது. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. கனகம் இருக்கிறாள், அதற்கு மேல் என்ன சொல்ல? உன் ராசன் வளர்கிறான். எதை உதைத்தாலும் இடது காலால்தான் உதைக்கிறான், என் வீட்டுச் சட்டி பானையையும் சேர்த்து.

ராசன் என் மருமகன். தாய்மாமனான எனக்கு அவன்மேல் உரிமை இருக்கிறது. என் மகள் மலர் பிறந்த அன்றே, இவள் ராசனுக்குத்தான் என்று ஊர் சொல்லிவிட்டது. என் மனைவியும் அப்படியே நம்பியிருக்கிறாள். அவன் மலரைக் கட்டினால் ஆலங்கரையில்தான் இருப்பான், எங்களுக்குத்தான் அடிப்பான். உனக்குப் பிறகு எங்களுக்கு ஒரு சென்ரர் போவாட் இல்லை. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, மச்சான். பொய் சொல்லமாட்டேன்.

போன கிழமை வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு தனியே வாவி கடந்தேன். உன் தங்கச்சி பூரணத்தின் மகள் செல்லம் ஓடிவந்து தோணிக் கயிற்றைப் பிடித்தாள். உன் அம்மாவின் முன்னால் தட்டை வைத்து, “மாமி, ராசனுக்கு உங்கட செல்லத்தக் கேட்டு வந்திருக்கன்,” என்றேன்.

கிழவி தட்டைத் தொடவில்லை. “உங்கட மகள் இருக்காளே. உரிமைய விட்டுக் குடுக்கிறீங்களா?”

“ஓம் மாமி.”

“விளங்கித்தான் கதைக்கிறீங்களா? அவன் இஞ்ச வந்திருவான்.”

“ஓம் மாமி. விளங்கித்தான் கதைக்கிறன்.”

தட்டின் பக்கம் கொஞ்சம் குனிந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “எந்தக் காலால அடிப்பான்?”

“இடது,” என்றேன். வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி சோறு போடவில்லை, கதைக்கவும் இல்லை. கோபம் நியாயமானதுதான், ஆறட்டும். பிள்ளைகள் வளர்ந்து வேண்டாம் என்றால் அது வேறு கதை, நான் கழுத்தைப் பிடித்துத் தள்ளமாட்டேன். அவர்கள் ஓம் என்றால், அந்தப் பந்தலை என் கையால் போடுவேன். ராசனின் பெட்டியை என் தோளில் தூக்கித் தோணியில் வைப்பேன்.

கல்யாணம் முடிந்த மறுகா ஆட்டம் வரும். எனக்கு அப்போது தலை நரைத்திருக்கும். எங்கள் பொடியன்களின் காலில் விழுந்தாவது அந்த ஒரு நாள் கோல் கம்பத்துக்கு நடுவே நான்தான் நிற்பேன். உன் மகன் மஞ்சள் பனியனோடு வருவான். விட்டுக்கொடுத்த கோல் உனக்கு வேண்டாம் என்று தெரியும், அதனால் முழு மூச்சோடு பாய்வேன். பாய்ந்து, பந்தைத் தொட முடியாமல், மண்ணில் முகம் குப்புற விழ வேண்டும் மச்சான். உன் ஊர் போடும் சத்தத்தை அப்படியே கிடந்து கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் கனகத்தின் அண்ணன், உன் ராசனின் மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்
சாமித்தம்பி