எழுதிய பிறகு போட்ட கையெழுத்து

ஆகஸ்ட் 15, இரவு

தூக்கம் வரவில்லை. காலையில் கிராம சபையில் பேசியதையே மனசு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது.

எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு நான் வேலை செய்யும் குடோன் கம்பெனி பெஞ்சு கொடுத்தது. ஒவ்வொரு பெஞ்சிலும் கம்பெனிப் பெயர். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்பதால் நான்தான் நன்றி சொல்ல வேண்டுமாம். சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார முடியவில்லை.

"ஊரைச் சுத்தி இத்தினி குடோன் கீது. பெரிய கட்டடத்துக்குத் தகுந்த மாதிரி கவர்மெண்டு வரியை மாத்தட்டும். அதுல ஒரு பங்கை ஸ்கூலுக்குன்னே ஒதுக்கட்டும். வருஷா வருஷம் பெஞ்சுக்குக் கையேந்தணுமா?" என்றேன்.

ஊராட்சிச் செயலர் சிரித்தார். "அது சட்டசபை வேலைம்மா. நம்ப கையில இன்னா கீது? நீ கையெழுத்தைப் போடு."

இங்கே வெற்றுத் தாளில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானத்தைப் பிறகு அவர்களே எழுதிக்கொள்வார்கள். நானும் இத்தனை வருடம் அப்படித்தான் போட்டேன். இன்று பேனாவை வாங்கவில்லை.

"எழுதிட்டுக் குடுங்க சார், போடறேன்."

பின்னால் இருந்த பெண்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். வெயில் ஏறியது. கடைசியில் நான் கேட்டதையும் சேர்த்துத் தீர்மானத்தை எழுதினார். வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் எல்லோரும் போட்டோம்.

நாளை எனக்குக் காலை ஷிப்ட். சூப்பர்வைசர் காதுக்குப் போயிருக்கும். போகட்டும்.

படுக்கும்போது மகள் கேட்டாள்: "வரிப் பணத்துல பெஞ்சு வந்தா, அதுல யார் பேரும்மா இருக்கும்?"

"நீ காம்பஸால கிறுக்குவியே, அந்தப் பேர்தான்."

இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.