நடக்காதவர்களுக்கான மலை

மார்ச் 2, சனி

லோரன் மதியம் வந்தான். வந்ததும், யாரும் சொல்லாமலே, பின்கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கொலராடோ வரைபடத்தை மேசையில் விரித்தான். ஏப்ரல் கடைசியில் நான்கு நாள். அவன், நான், அவன் அம்மா அடலின். காரில் போகிறோம். அவன் தினமும் விடியற்காலையில் மலை ஏறக் கிளம்பிவிடுவான்.

"நடக்காதவங்க உங்க ரெண்டு பேருக்கும் தனியா ஒரு திட்டம் வெச்சிருக்கேன்" என்றான்.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. தானியக் கிடங்கின் எடைமேடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. என்னை நடக்காதவள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. மலை ஏற மாட்டேன், அது வாஸ்தவம். ஏறிப் போய் அப்புறம் இறங்கத்தானே போகிறோம் என்று நினைப்பவள் நான்.

இந்தப் பயணம் முடிவதற்குள் அவனுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். ஜூனில் கல்யாணம், என் வீட்டை விற்றுவிட்டு அவன் வீட்டுக்குக் குடிபோவது. கேட்டு ஒரு மாதம் ஆகிறது. "மலையைப் பாத்துக்கிட்டே சொல்லேன், அவசரமில்ல" என்கிறான். சரி என்று சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 7, வியாழன்

எடைமேடையில் என்னோடு வேலை பார்க்கும் கர்ட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். "நடக்காதவங்களுக்கு மலைல என்ன வேலை? நீச்சல் தெரியாதவன் கடலுக்குப் போன மாதிரி" என்றான். நீச்சல் தெரியாதவர்கள்தான் கடலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள் என்றேன். அதற்குள் சோள லாரி ஒன்று வந்துவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

திட்டத்தை லோரன் வாசித்துக் காட்டினான். காலையில் நான் அடலினை ஏரிக்கரைக்குக் காரில் கூட்டிப் போக வேண்டும். அங்கே உட்காரலாம். பத்து மணிக்கு அவருக்கு மாத்திரை. பிறகு ஊருக்குள் வந்து எங்காவது உட்காரலாம். மாலையில் எல்க் மான்கள் தெருவுக்கே வருமாம், அதை உட்கார்ந்தே பார்க்கலாம். இப்படியே நாலு நாளும்.

"நிறைய உட்காரணும் போலிருக்கே" என்றேன்.

"அம்மாவுக்காகத்தான். தனியா இருக்கவே பயப்படுறா இப்பல்லாம். நீ பக்கத்துல இருந்தா தைரியமா இருப்பா."

பாவம் என்று நினைத்தேன். அடலினுக்கு எழுபத்தெட்டு வயது. முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறார். லோரனோடு பழகும் இந்த மூன்று வருடத்தில் நானும் அவரும் வானிலை பற்றி மட்டும் பேசியிருக்கிறோம்.

மார்ச் 12, செவ்வாய்

அடலினுக்கு அந்தப் பயணத்தில் ஒரே ஒரு ஆசை. உச்சி வழியாகப் போகும் சாலையில் காரில் போக வேண்டும். "கார்லயே வானத்துக்குப் போற ரோடு" என்று தொலைக்காட்சியில் பார்த்தாராம். சாப்பாட்டு இடைவேளையில் அந்தத் தேசியப் பூங்கா அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். எடுத்த பெண் சிரிக்காமல் இருக்க முயன்றாள். ஏப்ரலில் அந்தச் சாலை பனிக்கு அடியில் இருக்கும், மே கடைசியில்தான் திறப்பார்களாம். வசந்தம் என்று நாம் சொல்வது அவர்களுக்கு இன்னும் வரவே இல்லை.

லோரனிடம் சொன்னேன். "தெரியுமே" என்றான்.

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"சொன்னா வர மாட்டா. அங்க போய்ப் பாத்துக்கலாம்."

மார்ச் 15, வெள்ளி

சர்ச்சில் மீன் வறுவல் விருந்து. லோரன் விற்கும் பயிர்க் காப்பீட்டுக்கு இன்றுதான் கடைசி நாள், விவசாயிகள் வரிசையில் நிற்கிறார்கள், அவனால் வர முடியவில்லை. அவன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

மார்ச் 23, சனி

சாலை விஷயத்தைச் சொல்லாமல் அந்த அம்மாளை அவ்வளவு தூரம் கூட்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. லோரனிடம் சொல்லாமல் அடலின் வீட்டுக்குப் போனேன். கொலாச்சே சுட்டு வைத்திருந்தார், நடுவில் கசகசா வைத்த ரொட்டி. நான் சாலை விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"லோரனுக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

காப்பிக் கோப்பையை வைத்தார். "அப்போ நான் எதுக்கு வர்றேன்? சரி விடு. உனக்காகத்தானே ஒத்துக்கிட்டேன்."

"எனக்காகவா?"

"தனியா ஓட்டல்ல கிடப்பியாம். பயந்த சுபாவமாம். ஒரு துணை இருந்தா தேவலைன்னான். அதுக்குத்தானே ஜூனுக்கப்புறம் இந்த வீட்டைக் குடுத்துட்டு அங்க வரச் சொல்றான்."

"அங்கன்னா?"

"அவன் வீட்டுக்குத்தான். கீழ் ரூமுக்கு. ஏம்மா, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அந்த அறையில் என் தையல் மிஷினைப் போடலாம் என்று சொல்லியிருந்தான்.

"என்கிட்ட அவன் சொன்னது வேற" என்றேன். "உங்களுக்குத்தான் தனியா இருக்கப் பயம்னான். ஃபோன் பண்ணி அழறீங்கன்னு..."

"நானா? நான் கடைசியா அழுதது ஆலங்கட்டி மழைல மொத்தச் சோளமும் போச்சே, அப்போ. லோரன் அப்ப நடக்கவே ஆரம்பிக்கல."

அவர் கொலாச்சேத் தட்டை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். எடுத்துப் போ என்று மிச்சத்தைக் கட்டியும் கொடுத்தார்.

மார்ச் 24, ஞாயிறு

வந்தான். கேட்டேன். மறுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"பொய் இல்ல ரோண்டா. நீயும் தனியா இருக்கே, அம்மாவும் தனியா இருக்கா. சேந்து இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

"நாங்க சேந்து இருக்கிறப்போ நீ எங்க இருப்பே?"

"நான் எங்க போகப்போறேன்? எப்பவாவது மலைக்குப் போனா நிம்மதியாப் போவேன், அவ்வளவுதான்."

நிம்மதியாவாம். அவன் நிம்மதிக்கு நான் காவலா? பன்னிரண்டு வருஷம் தனியா இருந்துட்டேன், குழாய் ரிப்பேர்லேர்ந்து கூரை வரைக்கும் நானே பாத்துக்கிட்டேன், எனக்குத் துணை வேணும்னு எப்ப சொன்னேன்? அவன் வேணும்னுதானே சொன்னேன்!

"கல்யாணம் எனக்காகவா, உங்கம்மாவுக்காகவா?"

ரொம்ப நேரம் யோசித்தான். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே ரெண்டும் ஒன்றுதான்.

மார்ச் 25, திங்கள்

ஒரே லாரியை இரண்டு முறை எடை போட்டேன். கர்ட் கிண்டல் செய்யவில்லை. அவன் கிண்டல் செய்திருந்தால் தேவலை.

மார்ச் 31, ஈஸ்டர்

சொல்லிவிட்டேன். வீட்டை விற்கப் போவதில்லை. கல்யாணம் வேண்டாம். முன்பு போலவே வந்து போய்க்கொண்டு இரு என்றேன். முன்பு போல இருக்க இந்த வயதில் அவனால் முடியாதாம். அப்படியானால் பயணமும் நடக்காது என்றான்.

நடக்காதவர்களின் பயணம் நடக்காமல் போனது. இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தால், இந்த மாதிரி ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவன்தான்.

ஏப்ரல் 6, சனி

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன். அடலின். வணக்கம், வானிலை, ஒன்றும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே, "ரத்து பண்ணிட்டானாம். என்னை ஒரு வார்த்தை கேட்டானா?"

"என் மேல கோவம் அவனுக்கு."

"உன் மேல கோவம்னா உன்னை விட்டுட்டுப் போகட்டும். எனக்கு மலை பாக்கணும். பெட்டியைக் கீழ இறக்கியாச்சு."

எனக்கு என்ன தோன்றியதோ, ரயிலைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊர் வழியாகத்தான் மேற்கே போகிறது. இத்தனை வருடமாகப் படுக்கையில் இருந்து அதன் ஊதல் கேட்கிறேனே தவிர ஏறியதில்லை. ஏறி உட்கார்ந்தால் போதும், விடிந்ததும் மலை தானாக ஜன்னலுக்கு வந்துவிடும். இறங்குகிற ஊரில் பெரிய வெந்நீர்க் குளம் இருக்கிறது. யாரும் எங்கும் ஏற வேண்டாம்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றார். "நீ என்னைப் பாத்துக்கறதுக்காக வரக் கூடாது."

"நீங்களும் என்னைப் பாத்துக்கக் கூடாது."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 13, சனி

அந்த வெந்நீர்க் குளத்து ஊர் விடுதிக்காரம்மாவிடம் பேசினேன். கீழ்த்தள அறை, ரயில் நிலையத்தில் இருந்து கூப்பிடு தூரம். பாதி உணவகங்கள் மூடியிருக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தாள்.

"இது சேத்து மாசம்மா. பனிச்சறுக்குக்காரங்க கிளம்பியாச்சு, மலை நடக்கிறவங்க இன்னும் வரல. பாதை பூரா சேறு."

"நாங்க நடக்கறதா இல்ல."

"அப்போ உங்களுக்குன்னே வெச்ச மாசம்தான் இது. குளத்துல ஆளே இருக்காது."

மலை உச்சிக்குத் தொங்கிக்கொண்டு போகும் கம்பி வண்டி ஓடுகிறதா என்று கேட்டேன், ஓடுகிறது. மூச்சு வாங்குமா என்று கேட்டேன். அந்த ஊர் அவ்வளவு உயரமில்லையாம், நிறையத் தண்ணீர் குடித்தால் போதும் என்றாள். லோரனின் திட்டத்தை விட என்னுடையது நன்றாக இருக்கிறது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

ஏப்ரல் 18, வியாழன்

லோரன் வந்தான். அம்மாவுக்கு என்று கழுத்துத் தலையணை ஒன்று கொண்டுவந்தான், ரயிலில் தூங்க. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தான்.

"நானும் வரட்டுமா?" என்றான்.

வா என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு வாரமாக இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்தா மலை ஏறப் போவியா?"

"ஒரே ஒரு நாள்" என்றான். "நீ அம்மாகூட இருப்பேல்ல, அன்னிக்கு."

சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. முகம் சிவந்து, என் வீட்டுச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தான். நான் தடுக்கவில்லை. அவன் கார் தெருமுனை திரும்புகிற வரை ஜன்னலில் நின்றேன். எனக்கு அவனைப் பிடிக்கும். இன்னமும் பிடிக்கும். அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 25, வியாழன், ரயிலில்

தூங்கி விழித்தபோது சமவெளி முடிந்துவிட்டிருந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். ஆடுகிறது, கையெழுத்து கோணலாக வருகிறது.

நீளமான சுரங்கம் ஒன்று. வெளியே வந்தால் எங்கும் பனி, கண் கூசியது. அடலின் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். பிறகு ஆறு கூடவே வந்தது. ஒருபக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பச்சைத் தண்ணீர். பத்து மணி மாத்திரையை நான் ஞாபகப்படுத்தவில்லை. பத்தே கால் ஆகும்போது அவரே எடுத்து விழுங்கினார். என்னைப் பார்த்து, "என்ன, எண்ணிட்டிருந்தியா?" என்றார். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

"என் பையன் நல்லவன்தான்" என்றார், ஆற்றைப் பார்த்தபடி. "அவனைக் கட்டிக்கோன்னு நான் உன்கிட்ட ஒரு நாளாவது சொன்னேனா?"

"இல்ல."

"அவ்வளவுதான். அதோ பாரு, கழுகு."

கழுகு இல்லை, காக்கை. சொல்லவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

காலையிலேயே குளத்துக்குப் போனோம். விடுதிக்காரம்மா சொன்ன மாதிரியே கூட்டமில்லை. குளத்துக்கு மேலே ஆவி, அதற்கு மேலே மலைமுகட்டில் பனி. படியில் இறங்கும்போது அடலின் கேட்காமலே என் தோளை அழுத்திப் பிடித்தார். வலித்தது. கழுத்து வரை தண்ணீர் வந்ததும் விட்டுவிட்டார். நன்றி எல்லாம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அடேயப்பா" என்றார்.

பக்கத்தில் ரப்பர் தொப்பி போட்ட ஒரு பெண்மணி, டென்வர்க்காரி. எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "உங்க மாமியாரா? இப்படிச் சேந்து வர்றதைப் பாக்கவே ஆசையா இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் அடலின் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஆகியிருப்பேன். தப்பிச்சுட்டா."

நான் சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வேறு ஏதோ ஆகிவிட்டது, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டேன். எடுத்தபோது டென்வர்க்காரி தள்ளிப் போயிருந்தாள்.

"அழறதா இருந்தா இங்கயே அழுது முடிச்சுடு" என்றார் அடலின். "ரூமுக்கு வந்து அழுதியானா என் தூக்கம் கெடும்."

அழுது முடித்தேன். அவர் அந்தப் பக்கமாகத் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பசிக்கிறது என்றார். திறந்திருக்கிற கடை ஒன்றைத் தேடிக்கொண்டு, அவர் வேகத்துக்கு, ஊர் முழுக்க நடந்தோம்.