பேரம் பேசாத சந்தா

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? என் தங்கை எப்படி இருக்கிறாள்? போனில் பேசினால் நாம் இருவரும் குரலை உயர்த்துவோம், நடுவில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் மருத்துவ நிதியிலிருந்து நீங்கள் விலகுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். நிதியின் தலைவர் என்ற முறையில் வருத்தம். மச்சான் என்ற முறையில் அதைவிட வருத்தம். கண்ணாடிக் கடைக்காரரே போய்விட்டார், நமக்கென்ன என்று உங்களைக் காட்டி உங்கள் தெருவில் இன்னும் ஆறு பேர் கழன்றுவிட்டார்கள். ஆறு பேரும் கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்புக்காரர்கள். மிச்சம் இருப்பது சர்க்கரைக்காரர்களும் இரத்தக் கொதிப்புக்காரர்களும் மூட்டு தேய்ந்த நானும்தான்.

செலவு அப்படியே இருக்கிறது, பங்கு போட ஆள் இல்லை. சந்தாவை ஏற்ற வேண்டும். ஏற்றினால் நன்றாக இருக்கிற இன்னும் நாலு பேர் போவார்கள். மறுபடி ஏற்ற வேண்டும். என் சாக்குப்பை வியாபாரத்தில் வாங்க ஆள் குறைந்தால் விலையை இறக்குவேன். இங்கே ஆள் குறையக் குறைய ஏற்ற வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. அலுத்துவிட்டது மாப்பிள்ளை.

யோசித்து எழுதுங்கள்.

உங்கள் மச்சான்


ஜூன் 12

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் உங்கள் தங்கை.

ஆறு வருஷம் கட்டினேன். ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்கியதில்லை. பக்கத்து டயர் கடைக்காரர் இரண்டு தும்மல் போட்டால் டாக்டரிடம் போகிறார். கேட்டால், "நம்ம நிதிதானே, போகாம இருந்தா கட்டுன காசு வீணாப் போயிடும்ல" என்கிறார். அவர் தும்மலுக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?

ஆளுயரக் கண்ணாடியைத் தனியாளாக மாடிக்கு ஏற்றுகிறவன் நான். சந்தாவைப் பாதியாகக் குறைத்தாலும் எனக்கு வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


நவம்பர் 20

அன்புள்ள மச்சானுக்கு,

என்னை மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்றிய சந்தாவையே ஒரு வருஷத்துக்கு முழுசாக அனுப்பியிருக்கிறேன். வயது ஏறுகிறது, நீங்கள் சொன்னதும் நியாயம்தான். தெருவில் மற்றவர்களிடமும் பேசுகிறேன்.

மாப்பிள்ளை


டிசம்பர் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் வந்த கையோடு ஆறு பேரும் வந்துவிட்டார்கள். "கண்ணாடிக் கடைக்காரரே திரும்பிட்டாரு, நாம என்ன பெரிய பயில்வானா" என்றாராம் ஒருவர். நிதி இப்போதுதான் மூச்சு விடுகிறது. பாத்திரக் கடைக்காரரின் மனைவிக்குச் சிறுநீரக வைத்தியத்தைத் தடையில்லாமல் நடத்த முடிகிறது.

சேர்வதற்கு முன்பே இருந்த நோய்க்கு நிதி தராது. இந்த விதியை எல்லோருக்கும் சொல்வதுபோல் உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

கண்ணாடி தூக்க ஆள் வைத்திருக்கிறீர்களாமே, தங்கை சொன்னாள். நல்லது.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 17

அன்புள்ள மச்சானுக்கு,

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அதற்குப் போன வாரம் நிதிக்கு மனு அனுப்பினேன். அதைக் கிழித்துவிடுங்கள்.

அக்டோபரிலேயே மாடிப்படியில் வலி வந்து கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்தேன். தெரிந்துகொண்டேதான் வந்தேன். அந்த ஆறு பேருக்கும் அது தெரியாது.

மனுவை நீங்கள் ஏற்றால் மாப்பிள்ளைக்காக விதியை வளைத்தார் என்று உங்களைப் பேசுவார்கள். விரட்டினால் ஆறு பேரும் என்னோடு போவார்கள். அதனால் என் பெயர் இருக்கட்டும். சந்தாவைத் தவறாமல் கட்டுகிறேன், எதுவும் கேட்கமாட்டேன். கடையின் பின்பாதியை விற்கப் பார்க்கிறேன்.

மூன்று ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். ஒரே ஆபரேஷனுக்கு மூன்று விலை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை மச்சான். உங்கள் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை


பிப்ரவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மனுவைக் கிழித்துவிட்டேன். நிதியிலிருந்து இதற்கு ஒரு காசு வராது. நீங்கள் எழுதாவிட்டாலும் வந்திருக்காது.

உங்கள் சந்தா வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று மேடையில் இருந்தபடியே போட்டோக்காரரிடம் பேரம் பேசியவர் நீங்கள். பாதி விலைக்கே வேண்டாம் என்ற சரக்கை, ஏற்றிய விலைக்கு, ஒரு வருஷத்துக்கு, வாயே திறக்காமல் வாங்கினீர்கள். அப்படி வாங்குகிறவருக்கு அது எவ்வளவு அவசரம் என்று கடைக்காரனுக்குத் தெரியாதா?

தெரிந்தும் சேர்த்துக்கொண்டேன். உங்களுக்காக இல்லை. உங்கள் பின்னால் ஆறு பேர் வருவார்கள் என்பதற்காக. வந்தார்கள். ஆக, நீங்கள் என்னை ஏமாற்றவில்லை. நான்தான் உங்களை வைத்து வியாபாரம் செய்தேன். இதை எழுதவே களைப்பாக இருக்கிறது.

உங்கள் பெயர் இருக்கும். சந்தாவையும் கட்டுங்கள். கால் உடைந்தால் கொடுப்போம்.

விலை முடிவாகும்வரை கடையை விற்கும் பேச்சை நிறுத்துங்கள். திங்கட்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அதற்குள் தங்கையிடம் நீங்களே சொல்லிவிட வேண்டும். என் வாயால் அவள் கேட்கக் கூடாது.

மூன்று ஆஸ்பத்திரிக்கும் போவோம். அங்கே விலையை நான் கேட்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் எந்த விலைக்கும் தலையாட்டுவான், அது அவர்களுக்கும் தெரியும். கூடப் போகிறவன்தான் பேச வேண்டும். நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.

உங்கள் மச்சான்