முற்றத்தில் கிடந்த கட்டைகள்

ஸ்டுட்கார்ட்,
17 ஜூன் 1971

அன்பு பெஹிஜே,

உன் கண்களையும் நம் மகள் நெர்மினின் கண்களையும் முத்தமிடுகிறேன். நான் சுகம். ஆகஸ்டில் ஊருக்கு வந்துவிடுவேன். வந்தால் இனி ஜெர்மனிக்குத் திரும்புவதாக இல்லை.

முற்றத்தில் கிடக்கும் ஓக் கட்டைகளைத் தொடாதே, நான் வந்து பிளக்கிறேன். ஆள் வைத்துப் பிளந்தாயானால், ஹைரெத்தின் கோடாலி பிடிக்க மறந்துவிட்டான் என்று காப்பிக் கடையில் சிரிப்பார்கள். குளிர்காலத்துக்குக் கணப்படுப்பையும் அதன் புகைக்குழாய்களையும் நான் வந்துதான் மாட்ட வேண்டும். போன தடவை போட்ட சண்டை நினைவிருக்கிறதா? நீ கீழே குழாயைப் பிடித்துக்கொண்டு, "அப்படியில்ல, இப்படி" என்றாய். நான் நாற்காலிமேல் நின்று, "வாய மூடிக்கிட்டுப் பிடி" என்றேன். இந்த வருஷமும் அதே சண்டையைப் போடுவோம்.

உன்,
ஹைரெத்தின்

---

சாம்லியாய்லா, போலு,
14 அக்டோபர் 1971

நெர்மினின் அப்பாவுக்கு,

நெர்மினின் இருமலைத் தவிர, இங்கே எல்லாம் நலம். ஆகஸ்ட் வந்தது, நீங்கள் வரவில்லை. செப்டம்பர் என்று எழுதினீர்கள், அதுவும் போயிற்று. மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது.

அடுத்த வீட்டு ஹமியெத் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏண்டி, கட்டைய முத்தத்துல போட்டு அடைகாக்குறியா? உம் புருஷன் வர்றதுக்குள்ள அதுல தளிர் விட்டுடும்" என்றாள். அன்றே கோடாலியை எடுத்தேன். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும், முழுசாகக் கிடந்த கட்டை உள்ளே ஈரம். தொட்டால் சில்லென்கிறது.

புகைக்குழாய்களை வெளியே வைத்துத் தட்டிக் கரியை உதிர்த்தேன். நானே மாட்டினேன். அடுப்பு எரிகிறது, ஆனால் வீடெல்லாம் புகை. குழாய் இணைப்புகளில் கறுப்பாகத் தார் கசிந்து கம்பளத்தில் சொட்டுகிறது. காலித் தக்காளி டப்பாக்களைக் கம்பியில் கட்டி அதற்கு அடியில் தொங்கவிட்டிருக்கிறேன். பார்ப்பதற்கு வீடு கூத்தாக இருக்கிறது. எங்கே தப்புச் செய்தேன் என்று எழுதுங்கள்.

பெஹிஜே

---

ஸ்டுட்கார்ட்,
6 நவம்பர் 1971

பெஹிஜே,

டப்பா விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். குழாய்களைத் தலைகீழாக மாட்டியிருக்கிறாய். குறுகிய முனை கீழ்நோக்கி, அடுத்த குழாய்க்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் தார் உள்ளேயே வழிந்து அடுப்பில் விழுந்து எரிந்துபோகும். ஈர விறகை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி உலர்த்து. ஒட்டி வைத்துத் தீப்பிடிக்க விட்டுவிடாதே.

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது, அதனால்தான் தாமதம். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. குழாய் மாட்ட இரண்டு பேர் வேண்டும். கீழே யார் பிடித்தது? மரம் அறுக்கும் ஸெக்கி அந்தப் பக்கம் வந்து போகிறானா?

ஹைரெத்தின்

---

சாம்லியாய்லா,
25 நவம்பர் 1971

நெர்மினின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி குழாய்களைத் திருப்பி மாட்டினேன். கசிவு நின்றது. புகை நிற்கவில்லை, ஈர விறகு அப்படித்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயைக் கழற்றித் துடைக்கிறேன். நெர்மினை டவுனுக்கு, போலு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். "புள்ளையப் புகையில படுக்க வைக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். வேறு எங்கே படுக்க வைப்பது? மற்ற அறைகளில் தண்ணீர் உறைகிறது.

யார் பிடித்தது என்று கேட்டீர்கள். ஒருவரும் பிடிக்கவில்லை. ஆணியில் தொங்கிய உங்கள் இடுப்புவாரால் கீழ்க் குழாயை நாற்காலி முதுகோடு இறுக்கிக் கட்டிவிட்டு, மேஜைமேல் ஏறி மாட்டினேன். இதைக் கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன்.

இப்போது நான் கேட்கிறேன். ஹமியெத் அக்காவின் புருஷன் அங்கிருந்து விடுப்பில் வந்திருக்கிறார். "உன் வீட்டுக்காரன் ஒப்பந்தத்த இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் புதுப்பிச்சிட்டானே, உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உண்மையா? எப்போது புதுப்பித்தீர்கள்?

பெஹிஜே

---

ஸ்டுட்கார்ட்,
9 டிசம்பர் 1971

அன்பு பெஹிஜே,

உண்மைதான். மே மாதமே கையெழுத்துப் போட்டேன். ஆகஸ்டில் வருகிறேன் என்று எழுதியபோதே அது நடக்காது என்று எனக்குத் தெரியும். அந்தக் கோடையையாவது நீ சந்தோஷமாகக் கழிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஸெக்கி விஷயம் என் புத்திகெட்ட பேச்சு, மன்னித்துவிடு. இடுப்புவாரைப் படித்தபிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருகிற ஜூலையில் கண்டிப்பாக வருகிறேன்.

உன்,
ஹைரெத்தின்

---

சாம்லியாய்லா,
28 டிசம்பர் 1971

ஹைரெத்தின்,

நெர்மினுக்கு இருமலோடு காய்ச்சலும் வந்திருந்தது, நேற்றுத்தான் விட்டது. எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தாள். ஹமியெத் அக்கா தன் காய்ந்த விறகில் ஒரு வண்டி கொண்டுவந்து போட்டாள்; என் ஈர விறகை அவள் கொட்டகையில் அடுக்கிக்கொண்டாள். இப்போது அறையில் புகை இல்லை.

மே மாதமே சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். ஒரு வாரம் அழுதிருப்பேன். அதற்குப் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டைகளைப் பிளந்து அடுக்கியிருப்பேன். கோடை முழுக்க வெயிலில் காய்ந்திருக்கும். நீங்கள் நினைத்தது நடந்தது, அந்தக் கோடையில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் உங்கள் மகள் இத்தனை நாள் இருமினாள்.

ஜூலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வருகிற தேதியை இனி எனக்கு எழுத வேண்டாம். வரமாட்டீர்கள் என்றால் அதை மட்டும், பனி உருகுவதற்குள் எழுதிவிடுங்கள். நான் விறகு பிளக்க வேண்டும்.

பெஹிஜே