வாடி என்று எழுதிய பலகை

என் அன்பு ஸ்டெல்லா எக்காவுக்கு,

நான் போய்விட்டு வந்துவிட்டேன். எங்கே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடம் நீ என்னை நச்சரித்த அதே ஊர்தான், பனீ காலித். வியாழக்கிழமை காலையில் ரூவியிலிருந்து கிளம்பி, ஓர் இரவு தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பினேன். போனதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ இருந்தபோது ஏன் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது.

முதலில் நல்ல சேதி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை குளச்சல் பக்கம், துபாயில் அல் குசைஸில் ஏசி டெக்னீஷியன். நீ போன பிறகு துபாய்க்காரர்கள் லீவு நாளை வெள்ளி, சனி என்று மாற்றிவிட்டார்கள். இங்கே நமக்கு இன்னும் வியாழன், வெள்ளிதான். ஆக எங்கள் பொருத்தம் வாரத்துக்கு ஒரு நாள். நீ இருந்திருந்தால் இதை வைத்தே என்னை ஒரு மாதம் கேலி பண்ணியிருப்பாய். இந்த மாதக் கடைசியோடு எனக்கு மஸ்கட் முடிகிறது, அதனால்தான் இப்போதாவது போய்விட வேண்டும் என்று தோன்றியது.

இன்னொன்று. போன வருடம் ஜூனில் புயல் அடித்து, நாம் கொளுத்தும் வெயிலில் பஸ்ஸுக்கு நின்ற இடமெல்லாம் ஆறாக ஓடியது. உன்னுடைய 'வாடி அடை'யிலும் வெள்ளம். அந்தப் பலகை நினைவிருக்கிறதா? நான் புதிதாக வந்து இறங்கிய அன்று ஏர்போர்ட்டுக்கு ஆஸ்பத்திரி வேனில் வந்தவள் நீ. அம்மாவை விட்டு வந்த துக்கத்தில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். ரோட்டுப் பலகையில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நீ சத்தமாக வாசித்தாய்.

"வாடி அடைன்னு போட்டிருக்கு பாரு. ஏட்டி, நீ பசியோட வருவேன்னு இவனுவளுக்கு எப்பிடித் தெரியும்?"

அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டேன். மலையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கி வரும் ஆற்றுக்கு அரபியில் அதுதான் பெயர் என்று பிறகு நீயே சொன்னாய். பாதி நாள் தண்ணீரே இல்லாத ஆறு. ஆனால் உன் தியேட்டருக்கு இடுப்பு ஆபரேஷனுக்கு வந்த ஓர் ஓமானிக் கிழவி, தன் ஊர் ஆற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் கிடக்கும், கால் வைத்தால் மீன் வந்து கடிக்கும் என்று சொல்லியிருக்கிறாள். வா, வா என்பதற்கு அவள் "தாலி, தாலி" என்றாளாம். அன்றைக்கு ரூமுக்கு வந்து, "அரபிக்காரி உனக்குத் தாலி எடுத்து வச்சிருக்கா, வாடி போவோம்" என்று நீ ஆரம்பித்ததுதான். அதற்குப் பிறகு நீ விடவில்லை. டூட்டி சார்ட்டில் உனக்கு ஆஃப் விழுந்தால் எனக்கு விழாது. எனக்கு விழுந்தால் உனக்கு விழாது.

மூன்றாவது வருடம் அக்டோபரில் ஒரு வியாழன், வெள்ளி உனக்குச் சேர்ந்து கிடைத்தது. "இன்சார்ஜ்கிட்ட கேளுடி. ரெண்டே நாளு" என்றாய். கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கேட்க அவசியமே இல்லாமல், மறுநாள் எங்கள் லேடீஸ் வார்டு சார்ட்டில் என் பெயருக்கு நேரே வியாழனும் வெள்ளியும் ஆஃப் போட்டிருந்தது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டுக்குப் புதிதாக வந்த பெண்கள் அதே வியாழக்கிழமை குரம் கடற்கரைக்குப் போகிறோம், வருகிறாயா என்று கூப்பிட்டார்கள். எக்கா, உன்னிடம் மறைத்து என்ன. அவர்கள் ஜீன்ஸ் போட்டார்கள், இங்கிலீஷில் சிரித்தார்கள். அவர்கள் என்னைக் கூப்பிட்டதே எனக்குப் பெருமையாக இருந்தது. நீயோ நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவாய், பஸ்ஸில் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசுவாய். எனக்கு உன்னைப் பார்த்து வெட்கமாக இருந்தது. எழுதிவிட்டேன். இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு சுற்றினேன்.

"இன்சார்ஜ் சிஸ்டர் மாஃபின்னுட்டாங்க எக்கா, ஆஃப் இல்லையாம். எனக்கு வியாழக்கிழமை டூட்டி" என்றேன்.

நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். கத்தி ஒரு நொடி நின்றது. "சரி, விடு. கலாஸ், முடிஞ்சு போச்சு" என்றாய். அவ்வளவுதான். நான் தப்பித்தேன் என்று படுத்துத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலையில் என் வெள்ளை யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கியது. பயணத்துக்கென்று நீ கட்டிவைத்த புளிச்சோறும் பொரித்த மீனும் இருந்த டப்பாவை என் பையில் வைத்தாய். நான் நெய்மீன் என்பேன், நீ சீலா என்பாய், எத்தனை சண்டை போட்டிருப்போம் அந்த மீனுக்கு. "டூட்டிக்குப் போறவளுக்குப் பசிக்கும்லா" என்றாய். நான் யூனிஃபார்மோடு இறங்கிப் போய், அந்தப் பெண்களின் ஃப்ளாட்டில் உடை மாற்றிக்கொண்டேன்.

கடற்கரையில் ஒருத்தி, மீன் வாடை அடிக்கிறதே, எங்கிருந்து என்று கேட்டாள். கடல் பக்கத்தில் வேறு என்ன வாடை வரும் என்றேன். பிறகு யாரும் பார்க்காதபோது டப்பாவை எடுத்துப் போய்க் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். கழுவித் துடைத்துப் பையில் வைத்தேன். சாயங்காலம், "சோறு நல்லாருந்துச்சா?" என்று கேட்டாய். வார்டில் எல்லோரும் கேட்டு வாங்கித் தின்றார்கள் என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு எனக்கு அன்றைக்கு அர்த்தம் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து கிறிஸ்மஸ் லீவில் தூத்துக்குடி போனாய். மார்பில் கட்டி என்று ஊரிலிருந்துதான் தகவல் வந்தது. லீவை நீட்டினாய், மறுபடி நீட்டினாய், அடுத்த ஆகஸ்டில் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த வியாழக்கிழமையே உனக்குத் தெரியுமா எக்கா? தெரிந்துதான் "ரெண்டே நாளு" என்றாயா? எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி உடை மாற்றுகிற எனக்கு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த உன் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

ரூவிக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். பொய் சொன்னேன், சோற்றைக் கொட்டினேன் என்றேன். சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். அதோடு தீர்ந்தது என்று இரண்டு வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது தீரவில்லை என்று போன மாதம்தான் தெரிந்தது.

வேலையை விட்டு நிற்கப்போகிறேன், அதற்கு முன்னால் இரண்டு நாள் ஆஃப் வேண்டும், பனீ காலித் போக வேண்டும் என்று எங்கள் இன்சார்ஜ் ஏலி சிஸ்டரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்கள். "நீயும் ஸ்டெல்லாவும் முன்னே ஒருக்கா போயதல்லே? அவ வந்து கேட்டிட்டு நான் தந்த ஆஃப் அல்லே அது? அதுக்குப் பகரமா இங்கே ரெண்டு நைட் அவளாக்கும் செய்தது."

என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேனே, அது நீ வாங்கித் தந்தது. உன் தியேட்டர் வேலையை முடித்துவிட்டு, எங்கள் வார்டில் இரண்டு நைட் டூட்டி பார்த்து எனக்காக வாங்கியது. நான் கேட்கமாட்டேன் என்று தெரிந்து நீயே போயிருக்கிறாய். அந்த ஆஃபை வைத்துக்கொண்டுதான், சிஸ்டர் தரவில்லை என்று உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். கத்தி நின்ற அந்த நொடியில் உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டிருக்கிறாய். டூட்டி இல்லை என்று தெரிந்தே, டூட்டிக்குப் போகிறவளுக்குப் பசிக்கும் என்று சோறு தந்திருக்கிறாய். கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருக்கலாமே எக்கா.

மீரான் காக்காதான் கூட்டிப் போனார். அதே காயல்பட்டினத்துக் காக்கா, நாம் புளியும் மிளகாயும் வாங்குகிற கடைக்காரர். நான் தனியாக வர வேண்டாம் என்று அவர் மனைவி லாத்தாவும் வந்தார்கள். வழியில் இப்ராவில் பரோட்டா தின்றோம். அங்கே வைத்துத்தான் காக்கா சொன்னார், அன்றைக்கும் நீ அவர் வண்டியைத்தான் பேசியிருந்தாயாம்.

"புதன் சாயந்தரம் கடைக்கு வந்தா. எனக்குத் தலைவலியா இருக்கு காக்கா, நாளைக்கு வண்டி வேண்டாம்னுட்டுப் போயிட்டா."

உனக்குத் தலைவலியாம். என் பொய்யை மூடுவதற்கு நீ ஒரு பொய் சொன்னாய். லாத்தா என் தட்டில் இன்னொரு பரோட்டாவை வைத்தார்கள். நான் அதைத் தொடவில்லை.

பெரிய ரோட்டிலிருந்து மலைப்பக்கம் திரும்பும் இடத்தில் பலகை இருந்தது. வாடி பனீ காலித். அதை வாசித்தபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நீ என்னை ஒரு தடவைகூட வாடி என்று கூப்பிடவில்லை. "சாப்பிட வா, அமலி." "கோயிலுக்கு நேரமாச்சு, வா அமலி." நானும் சீனியராகிவிட்டேன், மரியாதை கூடியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். இரண்டு மாதம் முழுக்க நீ எனக்குத் தண்டனை கொடுத்திருக்கிறாய். அது தண்டனை என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கிழவி சொன்னது அத்தனையும் உண்மை. சுற்றிலும் மொட்டைப் பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர், கரையில் பேரீச்சை, வீட்டு வாசலோடு ஓடுகிற வாய்க்கால். லீவு நாள் கூட்டம் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தது. காலை வைத்தேன், மீன்கள் வந்து கடித்தன. நீ இருந்திருந்தால் மலை அதிரக் கத்தியிருப்பாய், எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும். பார்த்திருக்கலாம் எக்கா.

அதே டப்பாவில் புளிச்சோறும் பொரித்த சீலாவும் கொண்டு போயிருந்தேன். ஆமாம், சீலாதான், இனி அந்தச் சண்டை இல்லை. கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, மூடியைத் திறந்துவைத்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றேன். உன் கைப்பக்குவம் வரவில்லை. உப்பு கூடிவிட்டது.

திரும்பும்போது ஒரு வீட்டு வாசலில், ஊன்றுகோலோடு நின்ற ஒரு கிழவி எங்களைப் பார்த்துக் கையசைத்து, "தாலி, தாலி" என்றாள். உன் கிழவியா என்று கேட்குமளவுக்கு எனக்கு அரபி போதாது. பேரீச்சம்பழமும் கஹ்வாக் காப்பியும் தந்தாள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்துதான் நான் அழுதேன். அவள் காரணம் கேட்கவில்லை, குவளையை மறுபடி நிரப்பினாள்.

மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். கல்லறைத் திருநாளுக்குத் தூத்துக்குடி வந்து, முதல் கல்யாணப் பத்திரிகையை உன்னிடம்தான் வைப்பேன். இந்தக் கடிதத்தை அங்கே உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன், பக்கத்தில் யார் நின்றாலும் சரி. இந்த வருடம் மட்டுமல்ல, துபாயிலிருந்து லீவில் வரும் ஒவ்வொரு தடவையும் வருவேன். நீ வாடி, வாடி என்று கூப்பிட்டபோதெல்லாம் வராதவள் நான். இனி நீ கூப்பிடாமலே வருவேன்.

உன் ரூம் தங்கச்சி,
அமலி
ரூவி, மஸ்கட்